ராட் போல்ட்டை அளந்து போடுங்கள்

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு, சேலம் பட்டறைகளில் லாரிக்கும் ரிக் வண்டிக்கும் டீசல் இன்ஜின் கட்டும் மேஸ்திரிகளுக்கும், அவர்களிடம் கை பழகும் தம்பிகளுக்கும்:

நீங்கள் அனுப்பும் கிராங்க்கைக் கிரைண்டிங் செய்து, கனெக்டிங் ராட்டின் பிக் எண்டைச் சரிபார்த்துத் திருப்பித் தரும் லேத்துப் பட்டறைக்காரன் எழுதுகிறேன். லைனர் போரில் அரைத் தௌ (ஒரு தௌ 0.025 மில்லிமீட்டர்) கூடினால் சண்டைக்கு வருவீர்கள், வரத்தான் வேண்டும். பேரிங் இடைவெளியைப் பிளாஸ்டிகேஜ் வைத்துப் பார்க்கிற மேஸ்திரிகள் இன்று நிறையப் பேர் இருக்கிறார்கள். இவ்வளவு கணக்குப் பார்க்கிற கைகளிலிருந்து ராட் போல்ட்டுகள் மட்டும் எப்படி வருகின்றன? எந்த ராட்டுக்கு எது என்ற அடையாளம் இல்லாமல், பழைய பெயிண்ட் டப்பாவில், டீசலில் ஊறியபடி வருகின்றன. கூடவே, ‘போல்ட் நல்லாத்தாண்ணே இருக்கு, இதையே போட்டுக்கலாம்’ என்று ஒரு சொல். நல்லா இருக்கிறது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டால், மரை அடிபடவில்லை, நட்டு கையால் ஓடுகிறது என்பீர்கள்.

அந்தப் பதில் போதாது. ராட் போல்ட்டைக் கண்ணால் பார்த்தோ, டார்க் ரெஞ்ச் ‘டக்’ என்று அடித்ததைக் கேட்டோ நல்லது என்று முடிவு கட்ட முடியாது. அதன் நீளத்தை அளக்க வேண்டும்.

அந்தப் போல்ட்டின் மேல் எப்போது பாரம் விழுகிறது என்று முதலில் பார்ப்போம். டீசல் வெடித்துப் பிஸ்டனைக் கீழே தள்ளும்போதுதான் எல்லாம் படாத பாடு படுகின்றன என்று பலர் நினைக்கிறார்கள். ராட்டின் தண்டுக்கும் மேல்பக்கத்துப் பேரிங்குக்கும் அது உண்மை. போல்ட்டுக்கோ அந்த நேரம் ஓய்வு. ராட் கிராங்க்கின் மேல் அழுந்துகிறது, கேப்பும் போல்ட்டும் சும்மா கூடவே போகின்றன. போல்ட்டுக்கு உயிர் போகும் நேரம் வேறு. புகையை வெளியே தள்ளிவிட்டுப் பிஸ்டன் உச்சிக்கு வருகிற கணம் அது. வால்வு திறந்திருக்கிறது, மேலிருந்து எதிர்த்து அமுக்க அழுத்தம் இல்லை. வந்த வேகத்தில் பிஸ்டன் மேலே பறக்கப் பார்க்கிறது. அதை நிறுத்தித் திருப்பிக் கீழே இழுத்து வருவது கேப். கேப்பைப் பிடித்திருப்பவை இரண்டே போல்ட்டுகள்.

எவ்வளவு பாரம்? உங்களுக்குப் பழகிய 5.9 லிட்டர் கம்மின்ஸையே எடுத்துக்கொள்வோம். போர் 102, ஸ்ட்ரோக் 120, ராட்டின் நீளம் இரு மையங்களுக்கிடையே 192 மில்லிமீட்டர். பிஸ்டன், பின், ரிங், ராட்டின் மேல்பகுதி எல்லாம் சேர்த்து 2 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். 2500 ஆர்.பி.எம்.மில் உச்சியில் திரும்பும்போது அந்த 2 கிலோ ஏறத்தாழ 1100 கிலோவாகக் கனக்கிறது. ராட்டின் அடிப்பகுதிக் கனம் இதில் சேரவில்லை. இரண்டு சுற்றுக்கு ஒரு தரம் இது நடக்கிறது என்றால் மணிக்கு 75,000 தரம்.

இந்த இழுப்பு ஆர்.பி.எம்.மின் வர்க்கத்தில் ஏறும். வேகம் இரட்டித்தால் இழுப்பு நான்கு மடங்கு. தொப்பூர் இறக்கத்தில் சரக்கோடு வரும் டிரைவர் பதற்றத்தில் கீழ்க் கியருக்கு மாற்றினால், சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றும். பம்ப்பில் இருக்கும் கவர்னர் டீசலை நிறுத்துமே தவிர, சக்கரம் சுற்றிவிடுவதை அதனால் தடுக்க முடியாது. முள் 3500-ஐத் தொட்டால் அந்த 1100 கிலோ 2150 ஆகிவிடும். சில நொடிகள்தான். வண்டி நின்றதும் டிரைவர் டீ குடிக்கப் போய்விடுவார், முதலாளியிடம் சொல்ல மாட்டார். ஆறு மாதம் கழித்து வேறு காரணத்துக்காக இன்ஜின் உங்களிடம் இறங்கும்போது, அந்த நொடிகளில் போல்ட் எவ்வளவு நீண்டது என்பது உங்களுக்குத் தெரியாது. மைக்ரோமீட்டர் வைத்தால்தான் தெரியும்.

இனி இறுக்குவதைப் பற்றி. போல்ட்டை இறுக்குவது என்றால் அதை இழுத்து நீட்டுவது. அது கெட்டியான ஒரு ஸ்பிரிங். 50 மில்லிமீட்டர் தண்டை 600 மெகாபாஸ்கல் வரை இழுத்தால் சுமார் 0.15 மில்லிமீட்டர் நீளும், அதாவது ஆறு தௌ. இந்த ஆறு தௌவின் இழுப்புதான் கேப்பை ராட்டோடு அமுக்கிப் பிடிக்கிறது. பிஸ்டன் இழுக்கும் விசையைவிட இந்தப் பிடி அதிகமாக இருக்கும்வரை, மணிக்கு 75,000 தரம் வரும் இழுப்பில் ஒரு சிறு பங்கை மட்டுமே போல்ட் உணரும். பிடி அதற்குக் கீழே இறங்கிவிட்டால், ஒவ்வொரு சுற்றிலும் கேப் மயிரிழை திறந்து மூடும். முழு இழுப்பும் போல்ட்டின் மேல் விழும். அப்புறம் அது உடைய நாள்கணக்குத்தான். அதிகம் இறுக்கி உடைந்த ராட் போல்ட்டைவிட, இறுக்கம் போதாமல் களைத்து உடைந்ததைத்தான் நான் கூடுதலாகப் பார்த்திருக்கிறேன்.

ஆறு தௌதான் மொத்தச் சொத்து என்பதை மனதில் வைத்து இன்னொன்றையும் பாருங்கள். போல்ட் தலைக்கு அடியில் ஒரு பிசிறு, கேப் சேரும் முகத்தில் கொஞ்சம் கேஸ்கெட் பசை, துடைத்த பழந்துணியின் ஒரு நூல். ஓடும்போது அது நசுங்கி இரண்டு தௌ இறங்கினால் பிடியில் மூன்றில் ஒரு பங்கு போயிற்று. டார்க் ரெஞ்ச் சரியாகத்தான் அடித்திருக்கும்.

டார்க் ரெஞ்சைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். எல்-ராடில் பைப்பை மாட்டி ‘கை அளவில்’ இறுக்கிய காலத்தையும், ஏர் கன்னில் சுட்டுவிட்டுப் போகிற இந்தக் காலத்தையும் பார்க்கும்போது டார்க் ரெஞ்ச் வைத்திருப்பவரைக் கையெடுத்துக் கும்பிடலாம். ஆனால் ரெஞ்ச் அளப்பது திருப்பும் விசையை. நமக்கு வேண்டியது நீட்டும் விசை. நீங்கள் 100 நியூட்டன்-மீட்டர் கொடுத்தால் ஏறத்தாழ 50 போல்ட் தலைக்கடியில் தேய்வதற்கே போகும், 40 மரையில் தேயும், மிஞ்சும் 10-தான் போல்ட்டை நீட்டும். இப்போது ஒரு தம்பி மரைக்கு இன்ஜின் ஆயிலுக்குப் பதில் மாலிப்டினம் பசையைப் பூசுகிறான். உராய்வு மூன்றில் ஒரு பங்கு குறைகிறது என்று வையுங்கள். அதே 100-க்கு இழுப்பு நாற்பது சதவீதத்துக்கு மேல் ஏறிவிடும். இன்னொரு தம்பி மரையைப் பெட்ரோலில் கழுவிக் காய்ந்தபடியே போடுகிறான். அங்கே பிடி வெகுவாகக் குறைந்துவிடும். இருவரும் ரெஞ்ச் அடித்த சத்தத்தைக் கேட்டுத் திருப்தியாகத்தான் எழுந்திருப்பார்கள். அதனால் சர்வீஸ் புத்தகம் எந்த எண்ணெயைச் சொல்கிறதோ அதையே போடுங்கள். எண்ணைப் படித்துவிட்டு எண்ணெயைப் படிக்காமல் விடாதீர்கள். ரெஞ்சையும் வருடத்துக்கு ஒரு தரமாவது சரிபார்க்க அனுப்புங்கள். உலகத் தரமான ஐ.எஸ்.ஓ. 6789 சொல்வது 12 மாதம் அல்லது 5000 இறுக்கு, எது முதலில் வருகிறதோ அது. வேலை முடிந்ததும் ஸ்பிரிங்கைத் தளர்த்திக் குறைந்த அளவில் வைத்து மூடுங்கள். டார்க் ரெஞ்சால் பழைய நட்டைக் கழற்றுபவருக்கு ஒரு நாள் லீவு கொடுத்து அனுப்பலாம்.

சரி, அளப்பது எப்படி? ஒன்றும் பெரிய வித்தை இல்லை. கழற்றும்போதே எந்த ராட், எந்தப் பக்கம் என்று அட்டையில் துளையிட்டு வரிசையாகச் செருகுங்கள். போல்ட்டின் மேல் பஞ்ச் குத்தாதீர்கள், அரம் போட்டு அடையாளம் வைக்காதீர்கள்; விரிசலுக்கு அதுவே வாசல். நன்றாகக் கழுவி, இரு முனைகளையும் துடைத்து, 50-75 மைக்ரோமீட்டரிலோ போல்ட்டுக்கு ஏற்ற அளவிலோ முழு நீளத்தை எடுங்கள். வெர்னியர் இதற்குப் போதாது. பன்னிரண்டு போல்ட் என்றால் பன்னிரண்டையும் எழுதுங்கள். அதே பார்ட் நம்பரில் புதிய போல்ட் ஒன்றையும் அளந்து பக்கத்தில் எழுதுங்கள். உற்பத்தியாளர் ஒரு எல்லை கொடுத்திருந்தால் அதுவே சட்டம். கொடுக்கவில்லை என்றால், பந்தய இன்ஜின்களுக்குப் போல்ட் செய்யும் அமெரிக்காவின் ஏ.ஆர்.பி. சொல்கிற கணக்கு நமக்கும் உதவும்: தளர்த்திய பிறகும் முதல் நீளத்தைவிட ஒரு தௌ கூடியிருந்தால் அந்தப் போல்ட் தன் ஸ்பிரிங் குணத்தை இழந்துவிட்டது, மாற்று. ஒரு தௌ என்பது 0.025 மில்லிமீட்டர். கண்ணுக்கும் விரலுக்கும் இது அகப்படாது. ‘நல்லாத்தான் இருக்கு’ என்று நீங்கள் சொன்ன போல்ட்டில் இதுதான் ஒளிந்திருக்கிறது.

நம் ஊர் வெயிலுக்காக ஒரு எச்சரிக்கை. 60 மில்லிமீட்டர் எஃகுப் போல்ட் 20 டிகிரி சூடேறினால் 0.014 மில்லிமீட்டர் நீளும். தேடுகிற தௌவில் பாதிக்கு மேல் இதிலேயே வந்துவிடும். வாசலில் வெயிலில் காயவைத்த பழைய போல்ட்டையும், பெட்டியிலிருந்து எடுத்த புதிய போல்ட்டையும் ஒப்பிட்டுவிட்டு ஆறு போல்ட்டைத் தூக்கிப் போட்டால் முதலாளி உங்களைத்தான் திட்டுவார். எல்லாவற்றையும் பெஞ்சில் நிழலில் ஒன்றாக அரைமணி நேரம் விட்டு, பிறகு அளங்கள்.

முழு நீளம் சரியாக இருந்தாலும் தண்டின் ஒல்லியான இடத்தை இரண்டு மூன்று இடத்தில் விட்டம் பாருங்கள். எல்லை மீறி இழுபட்ட போல்ட் ஒரே இடத்தில் இடுப்பு சிறுத்திருக்கும். சில டொயோட்டா இன்ஜின்களின் சர்வீஸ் புத்தகமே நீளத்தைவிட்டு இந்த விட்டத்துக்குத்தான் எல்லை கொடுக்கிறது. நட்டு உள்ள போல்ட் என்றால் கையால் முழு மரையும் ஓடுகிறதா பாருங்கள். பாதியில் நட்டு கனத்தால் அங்கே மரையின் இடைவெளி நீண்டிருக்கிறது என்று அர்த்தம். தலைக்கடி வளைவிலும் முதல் மரையிலும் விரிசல் சந்தேகம் இருந்தால், சிவப்புச் சாயமும் வெள்ளைப் பொடியும் கொண்ட ஸ்பிரே செட் போதும். காந்தத் துகள் சோதனை இன்னும் நல்லது, வசதி இருப்பவர்கள் செய்யுங்கள்.

எந்தச் சோதனையிலும் தேறாத ஒரு வகை உண்டு. முதலில் ஒரு டார்க், பிறகு இத்தனை டிகிரி திருப்பு என்று புத்தகம் சொல்லும் போல்ட்டுகளில் பல, வேண்டுமென்றே எஃகின் தாங்கும் எல்லைவரை, சில சமயம் அதைத் தாண்டியும் நீட்டப்படுபவை. ‘மறுபடி பயன்படுத்தாதே’ என்று புத்தகத்தில் இருந்தால் அளந்துகொண்டு நிற்காதீர்கள், குப்பை. இந்த இடத்தில்தான் பழக்கம் ஆளைக் கவிழ்க்கிறது. பழைய பன்னிரண்டு வால்வு 5.9 கம்மின்ஸுக்கு 35, 70, 100 நியூட்டன்-மீட்டர் என மூன்று படி. அது பலருக்கு மனப்பாடம். அதே குடும்பத்தில் பின்னால் வந்த காமன் ரெயில் இன்ஜினுக்கு 60 வரை இறுக்கி, அப்புறம் 60 டிகிரி திருப்ப வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் அண்ணன் தம்பி போல் இருக்கும். மனப்பாடத்தை நம்பாமல் இன்ஜின் நம்பரைப் பார்த்துப் புத்தகத்தைத் திறங்கள். டிகிரி பார்க்கச் சாக்கெட்டில் மாட்டும் கோண கேஜ் கிடைக்கிறது. கண் மதிப்பில் 60 டிகிரி என்பது ஆளுக்கு ஆள் மாறும்.

போல்ட்டை மாற்றினால் அதோடு வேலை முடியாது. ராட்டில் அடித்து இறக்கும் வகைப் போல்ட்டைப் புதிதாகப் போட்டால் கேப் உட்காரும் இடம் சற்று நகரும், பிக் எண்டின் வட்டம் கெடலாம். பேரிங் இல்லாமல் கேப்பைப் பூட்டி முழு டார்க் கொடுத்து, போர் கேஜில் மூன்று திசையிலும் பார்க்க வேண்டும். இதை எங்களிடம் அனுப்பினால் நாங்கள் பார்ப்போம். ஆனால் தயவுசெய்து நீங்கள் போடப் போகும் அதே போல்ட்டோடு அனுப்புங்கள். பழைய போல்ட்டோடு அனுப்பி வட்டம் எடுக்கச் சொல்லிவிட்டு, புதியதைப் போட்டுக் கட்டினால் நான் எடுத்த வட்டத்துக்கு என்ன மதிப்பு? இப்போது வரும் பல ராட்டுகளில் கேப்பை அறுக்காமல் உடைத்தே பிரித்திருக்கிறார்கள். அந்தக் கரடுமுரடான முகம் ஒன்றுக்கொன்று மட்டுமே பொருந்தும். அதில் எமரி போடுவதும், பக்கத்து ராட்டின் கேப்பை மாட்டிப் பார்ப்பதும் ராட்டையே கொல்கிற வேலை.

போல்ட் வாங்கும் இடத்தில் கண் திறந்திருக்க வேண்டும். தலையில் 10.9 என்று இருந்தால் இழுவலிமை 1000 மெகாபாஸ்கல், அதில் 90 சதவீதம்வரை நீண்டு திரும்பும் என்று பொருள். 8.8 என்றால் 800-ம் 640-ம். அளவும் மரையும் ஒன்றாக இருக்கிறதே என்று ஹார்ட்வேர் கடை 8.8-ஐ ராட்டில் போடுவது கொலைக்குச் சமம். எண் சரியாகப் பொறித்திருந்தாலே அசல் ஆகிவிடாது. டூப்ளிகேட் செய்பவனுக்கு 10.9 என்று அடிக்கத் தெரியாதா? பில் தரும் டீலரிடம், பார்ட் நம்பர் உள்ள உறையில் வாங்குங்கள். வாங்கியதும் எல்லாவற்றையும் அளந்தால், ஒன்றுக்கொன்று அதிகம் மாறுபடும் செட் தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும். இருங்காட்டுக்கோட்டைக்கும் செட்டிப்பாளையத்துக்கும் பந்தய இன்ஜின் கட்டுகிற பையன்கள் இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை: நீங்கள் ஆசைப்பட்டு வரவழைக்கும் எல்-19 வகைப் போல்ட், ஈரத்தையும் வியர்வைக் கையையும் தாங்காது. எண்ணெயோடு வைத்திருங்கள், வெறுங்கையால் தொடாதீர்கள். கடலோர ஈரக்காற்றில் அதைத் திறந்து வைப்பதைவிடச் சாதாரணக் குரோம்-மாலி போல்ட் எவ்வளவோ மேல்.

இதெல்லாம் கம்பெனியில் கட்டும்போது தப்பாதே, நாம் ஏன் பயப்பட வேண்டும் என்று ஒரு மேஸ்திரி கேட்டார். 2014-இல் போர்ஷே தன் 911 ஜி.டி.3 காரில் பட்டது இதுதான். 9000 ஆர்.பி.எம். ஓடும் இன்ஜின். இரண்டு கார்கள் தீப்பிடித்தன. ராட்டின் திருகு இணைப்பு தளர்ந்து, ராட் கிராங்க் கேஸை உடைத்து, கொட்டிய ஆயில் பற்றிக்கொண்டது என்று கம்பெனியே அறிவித்தது. அந்த வருட மாடல் 785 கார்களையும் ஓட்டாமல் நிறுத்தச் சொல்லி, எல்லாவற்றிலும் புது இன்ஜின் மாற்றிக் கொடுத்தது. விமான பிஸ்டன் இன்ஜின் செய்யும் லைகமிங் இதில் யோசிப்பதே இல்லை: முழு ஓவர்ஹால் என்றால் ராட் போல்ட்டும் நட்டும் கட்டாயம் புதியவை, பழையது எப்படி இருந்தாலும் சரி. எனக்குக் கேட்டால் லாரிக்கும் அதுவே நல்ல வழி. பிஸ்டன், லைனர், பேரிங் என்று கொட்டும் பணத்தின் பக்கத்தில் பன்னிரண்டு போல்ட்டின் விலை சில்லறை.

முதலாளி ஒத்துக்கொள்ள மாட்டார் என்பீர்கள். அதற்குத்தான் அளவுத் தாள். ‘மாத்தணும்’ என்று வாயால் சொன்னால் கமிஷனுக்குச் சொல்கிறீர்கள் என்று நினைப்பார். புதியது இவ்வளவு, உங்கள் வண்டியின் மூன்றாவது ராட் போல்ட் இவ்வளவு என்று எழுதிக் காட்டினால் மறுக்கக் கூச்சப்படுவார். அப்படியும் மறுத்தால் அந்தத் தாளிலேயே கையெழுத்து வாங்குங்கள். பெரும்பாலும் பேனாவைக் கையில் கொடுத்ததும் ‘சரி, மாத்திடுங்க’ என்றுவிடுவார்.

உடைந்து வந்த போல்ட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அதை இரும்புக் கடைக்குப் போடும் முன் உடைந்த முகத்தைப் பாருங்கள். ஒரு ஓரத்திலிருந்து கடற்கரை மணலில் அலை வரைந்த கோடுகள் போல வளையம் வளையமாக வழவழப்பும், கடைசியில் கொஞ்சம் மட்டும் கரடாகவும் இருந்தால் அது களைத்து உடைந்தது, பெரும்பாலும் இறுக்கத்தில்தான் குறை. சுற்றிலும் இடுப்பு சிறுத்து, ஒரு பாதி கிண்ணம் மறுபாதி கூம்பு என்று பிரிந்திருந்தால் ஒரே இழுப்பில் போனது, டிரைவரைக் கேளுங்கள். பேரிங் நீலமும் கறுப்புமாகக் கருகி, போல்ட் வளைந்து முறிந்திருந்தால் போல்ட்டின் மேல் குற்றமில்லை, ஆயில் பம்ப்பைக் கழற்றுங்கள். இதைப் பார்க்காமல் புது ராட்டும் புது போல்ட்டும் போட்டு அனுப்பினால் அதே இன்ஜின் அதே ஓட்டையோடு திரும்ப வரும்.

கேட்பது ஒன்றுதான். அடுத்து உங்கள் பெஞ்சில் இறங்கும் இன்ஜினிலிருந்து ஒரு நோட்டுப் போடுங்கள்: வண்டி எண், ராட் எண், ஒவ்வொரு போல்ட்டின் நீளம், போட்ட எண்ணெய், கொடுத்த டார்க், இறுக்கியவர் பெயர். ராட்டை எங்களுக்கு அனுப்பும்போது அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்து அனுப்புங்கள். நாங்கள் எடுத்த அளவையும் அதிலேயே எழுதித் தருகிறோம். மைக்ரோமீட்டர் பிடிக்கத் தெரியாத தம்பிகளை எந்த நாள் மாலையிலும் அனுப்பி வையுங்கள், காசு வாங்காமல் கற்றுத் தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் கிராங்க் கிரைண்டிங் பட்டறைக்காரன்